கற்றாழையின் மஞ்சள் பால்: அன்று தேடினார்கள், இன்று தேடி நீக்குகிறார்கள்

சிங்கப்பூரின் பூன் லேயில் கற்றாழை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் தாழ்வாரம். செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே ஒரு தொட்டியில் அது தன்பாட்டுக்கு வளரும். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. சில வீடுகளில் திருஷ்டி படாமலிருக்க வேரோடு பிடுங்கி வாசல் நிலைக்கு மேலே தலைகீழாகக் கட்டியிருப்பார்கள். இன்னோர் இடம், ரயில் நிலையத்தை ஒட்டிய ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதி. அங்கே மருந்துக்கடை அடுக்கில் முகத்துக்கு ஜெல், தலைக்கு ஷாம்பு. பேரங்காடியின் குளிர்பெட்டியில் சதைத் துணுக்கு மிதக்கும் பானம். ஊட்டச்சத்துக் கடையில் மாத்திரை.

தொட்டியில் இருப்பது கற்றாழை என்பதைக் கண் சொல்லிவிடும். போத்தலில் இருப்பது கற்றாழைதானா, எவ்வளவு இருக்கிறது, கெடாமல் இருக்கிறதா என்பதைச் சொல்லக் கண்ணுக்குச் சக்தி போதாது. தொட்டியிலிருந்து போத்தலுக்கு வந்த தூரம், கற்றாழையைச் சோதிக்கும் வேலை மனிதக் கையிலிருந்து ஆய்வகக் கருவிக்குப் போன தூரமும்கூட. அந்த வழியில் ஒரு பெரிய தலைகீழ் மாற்றமும் நடந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் எந்தப் பொருள் இருந்தால்தான் கற்றாழை நல்ல சரக்கு என்று ஒப்புக்கொண்டார்களோ, அதே பொருள் இல்லாவிட்டால்தான் இன்று அது நல்ல சரக்கு.

இலைச்சாறு காய்ச்சிய மண்

பூன் லே என்பது ஒரு மனிதரின் பெயர். சியூ பூன் லே (1852–1933) சீனாவின் ஃபுஜியானிலிருந்து வந்த வணிகர். ஜூரோங்கில் அவருக்குப் பெரிய நிலப்பரப்பு இருந்தது. முதலில் மிளகும் கேம்பியரும், பிறகு ரப்பரும் அங்கே பயிராயின. கேம்பியர் இலையைப் பெரிய கொப்பரையில் கொதிக்கவைத்து, சாற்றை வற்றவைத்து, இறுகியதும் துண்டுபோட்டுக் காயவைத்து விற்பார்கள். தோல் பதனிட அது கப்பலேறிப் போனது. நம்மவர்கள் வெற்றிலையோடு மென்ற கத்தக்காம்பும் அதுதான். இலையின் சாற்றைக் காய்ச்சி, கட்டியாக்கி, உலகச் சந்தைக்கு அனுப்பும் தொழில் இந்தத் தீவுக்குப் பழகிய தொழில்.

கற்றாழையும் அன்று அப்படித்தான் வணிகப் பொருளாயிற்று. மடலை அடியில் வெட்டிச் சாய்த்து வைத்தால் தோலுக்குச் சற்று உள்ளிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதைச் சேர்த்துக் காய்ச்சி இறுகவைத்தால் கறுப்பாக, கண்ணாடிபோல் பளபளக்கும் கட்டி கிடைக்கும். அதுதான் நாட்டு மருந்துக்கடையில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் விற்ற சரக்கு. பால் குடி மறக்காத குழந்தைக்காகத் தாய்மார் மார்பில் தடவியது அது. சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் குழைத்துப் பற்றுப்போட்டது அது. உலகத்தின் மருந்துக்கடைகளுக்கோ அது மலமிளக்கி. மடலின் நடுவில் இருக்கும் சோற்றை அந்த வணிகம் கண்டுகொள்ளவே இல்லை. பால் வடிந்த மடலை வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

கசப்பைத் தேடிய சோதனை

வாங்குகிறவர் முதலில் கட்டியை உடைத்துப் பார்ப்பார். உடைந்த முகம் கண்ணாடிச் சில்லுபோல் வளைந்து மின்னவேண்டும். பிறகு நாக்கு நுனியில் ஒரு துகள். நெடுநேரம் போகாத கசப்பு வந்தால் சரக்கு நல்லது. மண்ணும் பிசினும் கலந்திருந்தால் கசப்பு குறையும்.

இந்தக் கசப்புக்குக் காரணமான பொருளை 1851-இல் எடின்பரோவின் டி. அண்ட் எச். ஸ்மித் நிறுவனத்தார் பார்படாஸ் கற்றாழையிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அலோயின் என்று பெயர். பிறகு சோதனை நாக்கிலிருந்து கண்ணாடிக் குழாய்க்கு நகர்ந்தது. கட்டியைக் கொதிநீரில் கரைத்து வடிகட்டி வெங்காரம் சேர்த்தால் கரைசல் பச்சையாக ஒளிரும். 1880-இல் போர்ன்ட்ரேகர் என்ற வேதியியலர் ஒரு முறையைச் சொன்னார். சாற்றைக் கரைப்பானில் பிரித்தெடுத்து அமோனியா சேர்த்தால் இளஞ்சிவப்பு எழும். கற்றாழையில் இது நன்றாகத் தெரிய முதலில் அமிலமும் ஃபெரிக் குளோரைடும் சேர்த்துக் காய்ச்சவேண்டும். மருந்தியல் படித்தவர்கள் இந்தச் சோதனைகளைத் தங்கள் கையாலேயே செய்து பார்த்திருப்பார்கள்.

மருந்து விதிநூல்கள் இதை எண்ணாகவே எழுதிவைத்தன. ஐரோப்பிய விதிநூலின்படி பார்படாஸ் கற்றாழைக் கட்டியில் அலோயின் வகைப் பொருள் குறைந்தது 28 விழுக்காடு இருக்கவேண்டும்; கேப் கற்றாழையில் குறைந்தது 18 விழுக்காடு. குறைந்தால் அது தரமில்லாத சரக்கு. என்ன இருக்கவேண்டும், எவ்வளவு இருக்கவேண்டும், எப்படி அளக்கவேண்டும் என்ற மூன்றுக்கும் விடை எழுத்தில் இருந்தது. இன்றைய போத்தலோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடக்கூடாது.

அடுப்படியில் நடந்த சோதனை

வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். வீட்டுக்கு வேண்டியது சோறு, விலக்கவேண்டியது பால். சித்த மருத்துவம் குமரி என்று போற்றிய கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிடுவதற்கு முன் ஏழு முறை கழுவு என்பது நம் வீடுகளின் பழைய சட்டம்.

எங்கள் வீட்டு அடுப்படியில் அது நடக்கும் விதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மா மடலை வெட்டியதும் கிண்ணத்தில் செங்குத்தாக நிறுத்திவிடுவார். வெட்டுவாயிலிருந்து மஞ்சள் பால் மெதுவாக இறங்கிக் கிண்ணத்தின் அடியில் தேங்கும். காற்றுப் படப்பட அது பழுப்பாகும். பச்சை வெங்காயம்போல் ஒரு காரமான வாடை எழும். பால் நின்றபிறகு இரண்டு பக்கத்து முள்ளையும் கத்தியால் சீவி, மேல் தோலை உரித்தால் உள்ளே கண்ணாடிபோல் சோறு. தோலை ஒட்டிய பச்சை இழை ஒன்றுகூட மிஞ்சாமல் சுரண்டுவார். பிறகு துண்டு போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவார். முதல் தண்ணீரில் மஞ்சள் சாயல் தெரியும். போகப்போக வழுவழுப்பும் கசப்பும் குறையும். கடைசியில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பார். கசந்தால் இன்னொரு அலசல். கசப்பு நின்றால்தான் மோரில் சேரும்.

இதில் நான்கு சோதனைகள் அடங்கியிருக்கின்றன. செடி எது என்பதைக் கண்டாயிற்று. பால் வடிந்துவிட்டதா என்று பார்த்தாயிற்று. தோலும் சோறும் பிரிந்தனவா என்று விரல் சொல்லிவிட்டது. அலோயின் போயிற்றா என்று நாக்கு சொல்லிவிட்டது. அலோயின் நீரில் ஓரளவு கரையும், சோறு துண்டாகவே நிற்கும் என்பதால் கழுவுதல் வெறும் சடங்கும் இல்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. செடியே மாறிவிட்டால் கழுவி என்ன பயன்? ஆனைக் கற்றாழை, ரயில் கற்றாழை என்று நாம் சொல்லும் செடிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் சாறு பட்டால் தோல் எரியும். உள்ளே போனால் தொண்டை புண்ணாகும். கசப்பு நாக்குக்குத் தெரியாத அளவிலும் அலோயின் இருக்க முடியும். கருவுற்ற பெண்கள் உள்ளுக்கு எடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதை இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

சோற்றுக்கு விலை வந்த கதை

வணிகம் மஞ்சள் பாலை விட்டுச் சோற்றின் பக்கம் திரும்பியது 20-ஆம் நூற்றாண்டில். 1935-இல் அமெரிக்காவின் கதிரியல் இதழ் ஒன்றில் காலின்ஸ் என்ற பெயர்கொண்ட இருவர் எழுதிய கட்டுரை வந்தது. எக்ஸ்-ரே கதிரால் புண்ணான தோலுக்குப் புதுக் கற்றாழை மடலை வைத்து ஆற்றியதைப் பற்றியது அது. அதன்பிறகு கற்றாழைச் சோறு தோலுக்கான மருந்தாகப் பேசப்பட்டது. ஆனால் வெட்டிய சோறு கடைக்குத் தாங்காது. வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் நீர்த்து, நிறம் மாறி, நுண்ணுயிர்கள் பெருகிவிடும். அதைக் கெடாமல் நிறுத்தும் முறைகள் வந்தபிறகுதான் கற்றாழை போத்தலில் ஏறியது.

சோற்றில் 98 விழுக்காட்டுக்கும் மேலே தண்ணீர். மிச்சமுள்ள அந்தச் சிறு பங்கில்தான் எல்லாம் இருக்கிறது. அதில் முதன்மையானது அசெமானன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. சோற்றின் வழுவழுப்புக்கு அதுதான் காரணம். தண்ணீரைக் கப்பலில் ஏற்றுவது வீண் செலவு என்பதால், சோற்றை வற்றவைத்துப் பொடியாக்கி விற்கத் தொடங்கினார்கள். 200 மடங்கு செறிவான பொடி ஒரு கிராம் இருந்தால் 199 கிராம் தண்ணீரில் கலக்கிப் பழையபடி சோற்றுச் சாறு செய்யலாம் என்பது கணக்கு.

இந்தப் பொடியில்தான் கலப்படத்துக்கு வாசல் திறந்தது. தெளித்து உலர்த்தும்போது பொடி ஒட்டாமலிருக்க மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சர்க்கரையைச் சேர்ப்பது வழக்கம். சேர்த்த அளவைச் சொல்லிவிட்டால் குற்றமில்லை. அதுவும் வெள்ளைப் பொடி, இதுவும் வெள்ளைப் பொடி. விலையோ மலைக்கும் மடுவுக்கும். சொல்லாமல் கொஞ்சம் கூட்டினால் லாபம். முழுக்க அதையே போட்டால் பெரிய லாபம். மூசாம்பரக் கட்டியை உடைத்துப் பார்த்தவருக்கும் மடலைக் கழுவிய அம்மாவுக்கும் இருந்த கண், விரல், நாக்கு ஆகிய எதுவும் இங்கே உதவாது. அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனை சாதாரண மாவைக் காட்டிக்கொடுக்கும். நன்றாக உடைந்த மால்டோடெக்ஸ்ட்ரின் நிறம் மாறாமலே தப்பிவிடும்.

இன்றைய ஆய்வகம் கேட்கும் கேள்விகள்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கற்றாழைத் தொழிலில் இருந்தவர்களே சேர்ந்து அனைத்துலகக் கற்றாழை அறிவியல் மன்றத்தை அமைத்தார்கள். அது தரச் சான்றிதழ் தருகிறது. அதன் அளவுகோலில் இரண்டு எண்கள் முக்கியம். உலர்ந்த எடையில் அசெமானன் குறைந்தது 5 விழுக்காடு இருக்கவேண்டும். உட்கொள்ளும் சாற்றில் அலோயின் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக்கூடாது. மருந்து விதிநூலின் 28 விழுக்காட்டோடு இந்த இரண்டாவது எண்ணை வைத்துப் பாருங்கள். காலம் எப்படித் தலைகீழாகத் திரும்பியது என்பது விளங்கும்.

அலோயினை அளக்க எச்பிஎல்சி என்ற கருவி. சாற்றை மிகுந்த அழுத்தத்தில் ஒரு மெல்லிய குழல் வழியே செலுத்தினால், அதிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். அலோயின் வரும் நேரத்தில் எழும் முகட்டின் பரப்பைக் கொண்டு அளவைக் கணக்கிடுவார்கள். அசெமானனைக் கண்டுபிடிக்க என்எம்ஆர் கருவி. வலிமையான காந்தப் புலத்தில் வைத்த மாதிரியில் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய குறியைக் காட்டும். அசெமானனின் அசிட்டைல் கூட்டம் ஓரிடத்தில், குளுக்கோஸ் ஓரிடத்தில், மாலிக் அமிலம் ஓரிடத்தில். மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அதன் கோடும் வந்து நிற்கும், ஒளிய இடமில்லை.

ஒரே மாதிரியில் இந்தக் கருவி சொல்லும் செய்தி அதோடு நிற்பதில்லை. புதுச் சோற்றில் மாலிக் அமிலம் நிறைய இருக்கும். அது குறைந்து லாக்டிக் அமிலம் ஏறியிருந்தால், பொடியாக்குவதற்கு முன்பே நுண்ணுயிர்கள் புகுந்துவிட்டன என்று பொருள். அசிட்டைல் கூட்டம் பிரிந்து அசிட்டிக் அமிலம் சேர்ந்திருந்தால் சங்கிலி சிதைந்திருக்கிறது. ஆக, கற்றாழையா என்ற கேள்வியோடு, எப்படி நடத்தப்பட்ட கற்றாழை என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. நாக்கால் ஒருபோதும் அறிந்திருக்க முடியாத விஷயம் இது.

அலோயினை இவ்வளவு கறாராக நீக்கச் சொல்வதற்குக் காரணமும் உண்டு. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அலோயினை மாற்றி, பெருங்குடலை முடுக்கிவிடும் பொருளாக்குகின்றன. 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருத்துவச் சீட்டின்றி விற்கும் மலமிளக்கிகளில் கற்றாழை இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தது. பாதுகாப்பானது என்று காட்ட வேண்டிய தகவல்களை உற்பத்தியாளர்கள் தரவில்லை என்பதே காரணம். 2013-இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் தன் அறிக்கையை வெளியிட்டது. நிறம் நீக்கப்படாத முழு மடல் சாற்றை இரண்டு ஆண்டு குடிநீரில் கலந்து கொடுத்ததில் எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் உண்டாயின. இதையொட்டி உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு மடல் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் 2பி பிரிவில் வைத்தது.

இதைப் படித்துவிட்டு கற்றாழையே விஷம் என்று தொட்டியைத் தூக்கி எறியவேண்டாம். ஆய்வில் கொடுத்தது மஞ்சள் பாலோடு சேர்ந்த முழு மடல் சாறு. பால் நீக்கிய சோறும், கரி வழியே வடிகட்டி நிறம் நீக்கிய சாறும் வேறு. எது எது என்று பிரித்துச் சொல்லாத லேபிள்தான் ஆபத்து. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் கற்றாழை மடலில் செய்த, அலோயின் வகைப் பொருள் கலந்த உணவுத் தயாரிப்புகளைத் தடைசெய்தது. 2024 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்துசெய்தது. சட்டமே முன்னும் பின்னும் போய்வரும் இடத்தில், தெளிவான அளவும் தெளிவான லேபிளும் வாங்குபவரின் உரிமையாகிறது.

அடுக்கில் இருந்தது என்ன?

2016 நவம்பரில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், அமெரிக்காவின் பெரிய கடைகள் தங்கள் பெயரில் விற்ற கற்றாழை ஜெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியது. வால்மார்ட், டார்கெட், சிவிஎஸ் ஆகியவற்றின் ஜெல்லில் அசெமானன், மாலிக் அமிலம், குளுக்கோஸ் என்ற மூன்று அடையாளமும் தென்படவில்லை, மால்டோடெக்ஸ்ட்ரின் தென்பட்டது. வால்கிரீன்ஸ் ஜெல்லில் ஓர் அடையாளம் மட்டும் இருந்தது. செய்தி பரவியதும் வழக்குகள் வந்தன. தயாரிப்பாளர் மறுத்தார்.

2020-இல் சிகாகோவில் உள்ள ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கடைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. பொருளில் கற்றாழை சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது மறுக்கப்படவில்லை. இத்தனை அசெமானன் இருக்கும் என்று வாங்குபவர்கள் எதிர்பார்த்ததற்குச் சான்று இல்லை. நீதிமன்றத்தின் வாதம் சுருக்கமாக இதுதான். தொழில்துறை மன்றம் தானாக வைத்துக்கொண்ட அளவுகோல் சட்டத்தின் அளவுகோல் ஆகாது.

இந்த வழக்கைத் தமிழ் வாசகர்கள் கவனிக்கவேண்டும். கசப்பான கட்டிக்கு மருந்து விதிநூல் 28 விழுக்காடு என்று எழுதிவைத்ததால் வாங்குபவருக்குப் பிடிமானம் இருந்தது. இன்றைய ஜெல்லுக்கு அப்படிச் சட்டம் எழுதிவைத்த எண் இல்லை. கருவி முன்னேறிவிட்டது, கருவி சொல்வதைக் கட்டாயமாக்கும் விதி பின்தங்கிவிட்டது.

சிங்கப்பூரில் யார் எதைப் பார்க்கிறார்கள்

பூன் லேயும் இதற்குள் மாறிவிட்டது. ரப்பர் மரம் நின்ற இடத்தில் 1961 முதல் ஜூரோங் தொழிற்பேட்டை எழும்பியது. 1968-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் வந்தது. 1970-களில் வீவக வீடுகள். 1990 ஜூலையில் பூன் லே ரயில் நிலையம், 1995-இல் ஜூரோங் பாயிண்ட். இங்கிருந்து பேருந்து ஏறினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மேற்கே துவாஸில் மருந்து ஆலைகள். எச்பிஎல்சி கருவி முன் வேலைநேரத்தைக் கழிப்பவர்கள் பலர் இந்த வட்டாரத்துப் பேருந்துகளில்தான் போய்வருகிறார்கள். அவர்கள் தங்கள் ஆலையின் மருந்தை ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்துவிட்டு வீடு திரும்பும் வழியில், சோதனை முடிவு எங்கும் எழுதப்படாத கற்றாழைப் பானத்தை வாங்கிக் குடிக்கலாம்.

அரசாங்கக் கண்காணிப்பு இங்கே உறுதியானது. 1990-இல் உருவான அறிவியல், தடயவியல் மருத்துவக் கழகமும் மற்ற அமைப்புகளும் 2001-இல் இணைந்து சுகாதார அறிவியல் ஆணையம் ஆயின. அடுத்த ஆண்டே ஒரு பெரிய அதிர்ச்சி. ஸ்லிம் 10 என்ற மெலியவைக்கும் மாத்திரையில் லேபிளில் சொல்லாத ஃபென்ஃப்ளுராமின் வகை வேதிப்பொருள் கலந்திருந்தது. ஒரு பெண் இறந்தார். நடிகை ஆண்ட்ரியா டி குரூஸுக்குக் கல்லீரல் மாற்றவேண்டியதாயிற்று. மூலிகை என்ற பெயருக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கலாம் என்பதை நாடே கண்டது. கலப்பட வேதிப்பொருள், கன உலோகம், நுண்ணுயிர் ஆகிய கேடுகளைத் தேடிப்பிடிப்பதில் ஆணையம் இன்றுவரை கடுமையாக இருக்கிறது.

2008 முதல் ஆசியான் ஒப்பனைப்பொருள் விதிகள் நடப்பில் உள்ளன. முகத்தில் பூசும் கற்றாழை ஜெல் கடைக்கு வருமுன் ஆணையத்துக்கு அறிவிக்கவேண்டும். விற்பவரே அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு. ஆனால் அறிவித்தல் வேறு, ஆணையம் தரம் பார்த்துச் சான்று தருவது வேறு. பானம் 2019-இல் அமைந்த சிங்கப்பூர் உணவு அமைப்பின் பொறுப்பு. பூன் லேயிலிருந்து கிழக்கே மூன்றாவது ரயில் நிலையமான ஜூரோங் ஈஸ்ட்டில்தான் அதன் தலைமை அலுவலகம். 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் முறை நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சி, 10 கிராமுக்கு மேல் போனால் டி என்ற எழுத்தைப் போத்தலின் முன்பக்கம் போட்டே ஆகவேண்டும். உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்கும் கற்றாழைப் பானத்தில் சர்க்கரை எவ்வளவு என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது. இது பெரிய நன்மை.

ஆக, போத்தலில் கேடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பொய் லேபிளுக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஆனால் ஒவ்வொரு போத்தலும் அடுக்கில் ஏறுமுன் கற்றாழை எவ்வளவு என்று அளந்து முத்திரை குத்தும் ஏற்பாடு கிடையாது. கேடு இல்லை என்பதும், சொன்ன நன்மை இருக்கிறது என்பதும் இரண்டு தனித்தனிச் சோதனைகள். முதல் சோதனையை நமக்காக அரசாங்கம் செய்கிறது. இரண்டாவது சோதனை பெரும்பாலும் விற்பவரின் நேர்மையை நம்பி நிற்கிறது.

லேபிளை வாசிக்கும் கண்

அதனால் வாங்குபவரின் கண்ணுக்கு வேலை தீர்ந்துவிடவில்லை. அது மடலை விட்டு லேபிளுக்கு வந்திருக்கிறது. அடுத்தமுறை ஜெல் வாங்கும்போது முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். கூடுதலாக இருப்பது முதலில். ஆனால் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், கார்போமர், பதப்பொருள் என்று போய், கடைசி வரியில் 'அலோ பார்படென்சிஸ் லீஃப் ஜூஸ் பவுடர்' என்று இருந்தால் அந்த ஜெல்லின் வழுவழுப்பு கார்போமரின் வழுவழுப்பு. சிஐ 19140, சிஐ 42090 என்ற எண்களைப் பார்த்தால் அவை மஞ்சள் சாயமும் நீலச் சாயமும். இரண்டும் சேர்ந்தால் பச்சை. உரித்த சோற்றுக்கோ நிறமே கிடையாது.

கார்போமரும் சாயமும் இருப்பதாலேயே பொருள் போலி என்று சொல்லமாட்டேன். கெடாமல் நிற்கவும் கையில் நிற்கவும் சில சேர்க்கைகள் வேண்டும். '99 விழுக்காடு கற்றாழை' என்ற எழுத்தும் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அரை கிராம் பொடியை 99.5 கிராம் தண்ணீரில் கலக்கினாலும் கணக்குப்படி அது 100 கிராம் கற்றாழைச் சாறு. அந்த அரை கிராமில் அசெமானன் எவ்வளவு, மால்டோடெக்ஸ்ட்ரின் எவ்வளவு என்பதில்தான் உண்மை இருக்கிறது. அதை லேபிள் சொல்வதில்லை.

உட்கொள்ளும் சாறு, மாத்திரை என்றால் கவனம் இரண்டு மடங்காக வேண்டும். உள்சோறு மட்டுமா, முழு மடலா என்று பாருங்கள். முழு மடல் என்றால் நிறம் நீக்கியதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீரிழிவுக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

கேட்டு வாங்குவோம்

முன்பு கற்றாழையின் தரத்தைச் சொல்ல ஒருவர் எதிரில் இருந்தார். கட்டியை உடைத்துக் காட்டிய கடைக்காரர், மடலைக் கழுவிய அம்மா. இன்று அந்தச் சோதனை நடப்பது வெகுதூரத்தில், பெரும்பாலும் வேறொரு நாட்டில். அதன் முடிவு ஒரு தாளாக இறக்குமதியாளரின் கோப்பில் கிடக்கிறது. பகுப்பாய்வுச் சான்றிதழ் என்ற அந்தத் தாளில் தொகுதி எண், அசெமானன் அளவு, அலோயின் அளவு, நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு அதை வெளியில் காட்டுவதில் நஷ்டம் இல்லை.

சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் தமிழ்நாட்டிலிருந்து மூலிகைப் பொருள் தருவித்து விற்கும் நம்மவர்கள் இதில் முன்னால் நிற்கலாம். அனுப்புகிறவரிடம் ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். வாங்கவந்தவர் கேட்டால் காட்டுங்கள். ஜூரோங் பாயிண்டில் வாங்குபவர்கள் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி மடலின் எந்தப் பகுதி, எத்தனை அசெமானன், எத்தனை அலோயின் என்று கேட்கலாம். பதில் வந்தால் வாங்குங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

இதைவிட முக்கியமானது விதி. நியூட்ரி-கிரேட் வந்தபிறகு சர்க்கரை எவ்வளவு என்பதை மறைத்து விற்க முடியாது என்ற நிலை இங்கே வந்திருக்கிறது. அதேபோலக் கற்றாழை என்று பெரிய எழுத்தில் போடும் போத்தலில், மடலின் பகுதியும் அசெமானன் அளவும் அலோயின் அளவும் சின்ன எழுத்திலாவது இருந்தாகவேண்டும் என்று ஆக்க முடியும். அளக்கும் கருவி இருக்கிறது, அளக்கத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள், கண்காணிக்க அமைப்புகள் இருக்கின்றன. கசப்பான கட்டிக்கு மருந்து விதிநூல்கள் கொடுத்த மரியாதையை, இன்று குழந்தைகளும் குடிக்கும் பானத்துக்குக் கொடுக்கச் சொல்கிறோம். அந்த மூன்று வரிகள் லேபிளில் ஏறும்வரை வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.